மில்டன்ஹால்ல இருந்து மெல்போர்ன் வரைக்கும்: விர்ச்சுவல் ஏர் ரேஸுக்கு பழைய விமானத்தை எப்படி தயார் பண்றது

ஃப்ளைட் சிமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டற மென்பொருள்) ரேஸ் ஓட்டணும்னு புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது ஒரே கேள்விதான், எந்த விமானம் ரொம்ப வேகமா போகும்? நான் திருப்பிக் கேக்கறது, எந்த விமானத்தை உங்களால கடைசி வரைக்கும் உயிரோட கொண்டு போக முடியும்? ஏன்னா 1930கள் விமானம்ங்கறது இன்னைக்கு இருக்கற ஜெட் மாதிரி பட்டனைத் தட்டிட்டு காபி குடிக்கப் போற விஷயம் கிடையாது, எஞ்சினை கைக்குழந்தை மாதிரி பாத்துக்கணும், எங்க இருக்கோம்ங்கறதை நாமளேதான் கண்டுபிடிக்கணும், இந்த ரெண்டும் வந்துட்டா வேகம் தானா வரும். நான் மூணு தடவை லண்டன் மெல்போர்ன் ரூட்டை ஓட்டியிருக்கேன், முதல் தடவை முடிக்கல, அடுத்த ரெண்டு தடவை முடிச்சேன், அந்த அனுபவத்தை வெச்சு படிப்படியா சொல்றேன். சிமுலேட்டர் எதுவா இருந்தாலும் பரவால்ல, மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-ப்ளேன், இலவசமா கிடைக்கற ஃப்ளைட்கியர், எதுலயும் இது பொருந்தும்.

ஓட்டறதுக்கு முன்னாடி கதையை தெரிஞ்சுக்கோங்க

பழைய விமான ரேஸ்னாலே பெரும்பாலும் 1934 மேக்ராபர்ட்சன் ஏர் ரேஸைத்தான் அடிப்படையா வெச்சுக்கறாங்க. மெல்போர்ன் நகரத்தோட நூற்றாண்டு விழாவுக்காக சர் மேக்ஃபர்சன் ராபர்ட்சன்னு ஒரு மிட்டாய் சாக்லேட் கம்பெனி முதலாளி 15,000 பவுண்ட் பரிசுப் பணம் குடுத்து நடத்தினது. 1934 அக்டோபர் 20 விடியற்காலை இங்கிலாந்துல மில்டன்ஹால்ல இருந்து 20 விமானம் கிளம்புச்சு. மொத்தம் 11,300 மைல், நடுவுல அஞ்சு இடத்துல கட்டாயம் இறங்கணும்: பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்லிவில். இது போக ரோம், ஏதென்ஸ், அலெப்போ, கராச்சி, ஜோத்பூர், கல்கத்தா, ரங்கூன், அலோர் ஸ்டார் மாதிரி 22 இடத்துல வேணும்னா இறங்கி பெட்ரோல் போட்டுக்கலாம். சிவப்பு கலர் டி ஹாவிலண்ட் காமெட்ல ஸ்காட்டும் கேம்பல் பிளாக்கும் சுமார் 71 மணி நேரத்துல போய் ஜெயிச்சாங்க. அந்த விமானம் இன்னைக்கும் இங்கிலாந்துல ஓல்ட் வார்டன்ல ஷட்டில்வொர்த் மியூசியத்துல இருக்கு.

ஆனா என்னை ரொம்பக் கவர்ந்தது ரெண்டாவதா வந்த விமானம்தான். டச்சுக்காரங்களோட கேஎல்எம் கம்பெனி டக்ளஸ் டிசி-2, பேரு ஊய்ஃபர், அது ரேஸுக்குன்னு செஞ்சதே இல்ல, சாதாரண பயணிகள் விமானம், மூணு பயணிகளை ஏத்திக்கிட்டே 90 மணி நேரத்துல போய்ச் சேந்து ஹேண்டிகேப் பரிசை (மெதுவா போற விமானத்துக்கு நேரச் சலுகை குடுத்து கணக்குப் போடற பரிசு) தட்டிட்டுப் போச்சு. புதுசா வர்றவங்க மனசுல வெச்சுக்க வேண்டியது இந்த விமானத்தைத்தான்.

முதல் படி: விமானத்தை தேர்ந்தெடுக்கறது

காமெட் பாக்க அவ்வளவு அழகு, ஓட்டணும்னு யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்துச்சு, முதல் தடவை முடிக்காம போனதுக்கு ஒரு காரணம் அதுதான். அதுல முன்னாடி மூக்கு முழுக்க பெட்ரோல் டேங்க், நீங்க அதுக்குப் பின்னாடி உக்காந்திருக்கீங்க, தரையில இருக்கும்போது முன்னாடி ஒண்ணுமே தெரியாது. சக்கரத்தை உள்ள இழுக்க மோட்டார் கிடையாது, கையால சக்கரம் சுத்தி இழுக்கணும். ப்ரொப்பெல்லர் விஷயம் இன்னும் விசேஷம், கிளம்பறதுக்கு முன்னாடி தரையில சைக்கிள் பம்ப் வெச்சு காத்தடிச்சு ஃபைன் பிட்ச்ல (கிளம்பறதுக்கு ஏத்த, இலைக் கோணம் கம்மியான நிலை) நிறுத்துவாங்க, மேல ஏறி வேகம் கூடினதும் காத்தழுத்தத்துல காத்து இறங்கி கோர்ஸ் பிட்ச்சுக்கு (வேகமா பறக்க ஏத்த, கோணம் கூடின நிலை) மாறிடும், அதுக்கப்புறம் பறக்கும்போது திரும்பவும் ஃபைனுக்கு மாத்தவே முடியாது. இதை நல்லா செஞ்சிருக்கற மாடல்ல லேண்டிங்கை தப்பா கணக்குப் போட்டு மறுபடி மேல ஏறப் பாத்தீங்கன்னா எஞ்சின் முக்கும், விமானம் ஏறாது. வேகம் குறைஞ்சா ஒரு பக்க இறக்கை சட்டுனு விழும். முதல் ரேஸுக்கு வேண்டாம்னு அடிச்சுச் சொல்வேன், ரெண்டாவது மூணாவதுக்கு வெச்சுக்கோங்க. ஓட்டிப் பாக்கணும்னா 2003ல வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004லயே காமெட் சரித்திர விமானமா கூடவே வந்துச்சு, பழைய டிஸ்க் வீட்ல கிடந்தா இன்னும் நல்ல பயிற்சி அது.

என் சிபாரிசு டிசி-3. டிசி-2வோட நேர் தம்பி, 2022ல மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோட 40வது ஆண்டு பதிப்புல இலவசமாவே குடுத்தாங்க, அதுல பழைய காக்பிட் ஒண்ணு, நவீன கருவி மாட்டினது ஒண்ணுன்னு ரெண்டு வகை இருக்கும், ரேஸுக்கு பழைய காக்பிட்டை எடுத்துப் பழகுங்க. ஒரு விஷயம் முன்னாடியே கேட்டுக்கோங்க, டிசி-3 முதல் முதலா பறந்தது 1935 டிசம்பர் 17, அதாவது ரேஸ் முடிஞ்சு 14 மாசம் கழிச்சு, அதனால தேதியில கறாரா இருக்கற சில ரேஸ்ல ஒத்துக்க மாட்டாங்க, டிசி-2க்கு பதிலா விடறவங்களும் உண்டு. நடத்தறவங்க கிட்ட கேட்டுட்டு பழக ஆரம்பிங்க, ரெண்டு வாரம் பழகிட்டு அப்புறம் தெரிஞ்சா மனசு கஷ்டமாயிடும்.

மெதுவா போற சின்ன விமானம் பிடிக்கும்னா அதுக்கும் இடம் இருக்கு. 1934லயே ஜிம்மி மெல்ரோஸ்னு 21 வயசுப் பையன் பஸ் மாத்ங்கற ஒத்தை எஞ்சின் விமானத்துல தனியா உக்காந்து மெல்போர்ன் வரைக்கும் போய்ச் சேந்தார். ஹேண்டிகேப் இருக்கற ரேஸ்ல மெதுவா போற விமானத்துக்கு நேரச் சலுகை உண்டு, ஆனா நாற்காலியில உக்காந்திருக்கற மணி நேரம் ரெண்டு மடங்காகும், வேலைக்குப் போறவங்க அதை யோசிச்சு முடிவு பண்ணுங்க.

ரெண்டாவது படி: விதியும் செட்டிங்ஸும்

இதை சுருக்கமா சொல்லிடறேன். ஜிபிஎஸ் ஆஃப், மேப்ல விமானம் இருக்கற இடத்தைக் காட்டற வசதி ஆஃப், நேரத்தை வேகமா ஓட்டறது கிடையாது, பெட்ரோல் தீராத மாதிரி வெக்கற செட்டிங் கிடையாது. தானா மிக்ஸ்சர் (பெட்ரோல் காத்து கலவை) சரி பண்ற உதவி, தானா ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பற வால் பலகை) பிடிக்கற உதவி ரெண்டையும் அணைச்சிடுங்க. எஞ்சின் டேமேஜ் கட்டாயம் ஆன்ல இருக்கணும், அது இல்லாம பழகினா தப்புப் பழக்கம் ஒட்டிக்கும். வானிலை நிஜ வானிலையா, இல்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி செட் பண்ணதா, ஆட்டோபைலட் விடறாங்களா, நடுவுல பாஸ் பண்ணலாமா, இந்த மூணையும் மட்டும் நடத்தறவங்க கிட்ட கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, ஒவ்வொரு ரேஸ்லயும் இது மாறும்.

மூணாவது படி: கை பழகற மாதிரி கண்ட்ரோலை அமைக்கறது

விலை கூடின பெடல் எல்லாம் வேணும்னு அவசியம் இல்ல, முறுக்கினா ரட்டர் திரும்பற சாதாரண ஜாய்ஸ்டிக் போதும், நான் இன்னும் அதுலதான் ஓட்டறேன். ஆனா கண்ணை மூடிக்கிட்டு தொடற மாதிரி சில பட்டனை வெச்சுக்கணும்: மிக்ஸ்சர், ப்ரொப்பெல்லர் பிட்ச், கார்ப் ஹீட் (கார்பரேட்டருக்கு சூடான காத்து), கௌல் ஃப்ளாப் (எஞ்சினை ஆற வைக்கற காத்துக் கதவு), இடது வலது தனித்தனி பிரேக், டெயில்வீல் லாக் (வால் சக்கரம் திரும்பாம பூட்டறது). கடைசியா சொன்னதை நிறைய பேர் விட்டுடறாங்க. பழைய விமானம் பெரும்பாலும் வால் சக்கரத்துல நிக்கறது, எடை மையம் முன் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கு, அதனால ஓடும்போது கொஞ்சம் கோணினா இன்னும் கோணத்தான் பாக்கும், தானா நேராகாது, கடைசியில ரன்வேயிலயே ஒரு சுத்து சுத்தி இறக்கை தரையில உரசி ரேஸ் அங்கேயே முடியும். டிசி-3ல ரன்வேக்கு நடுவுல வந்து நேரா நின்னதும் டெயில்வீலை லாக் பண்ணிடுங்க, இறங்கறதுக்கு முன்னாடியும் லாக் இருக்கான்னு பாருங்க. த்ராட்டிலை (எஞ்சின் பவர் நெம்புகோல்) ஒரே தள்ளா தள்ளாம பத்து செகண்ட் எடுத்துக்கிட்டு தள்ளுங்க, பார்வை ரன்வேயோட கோடியில இருக்கட்டும், மூக்கு நுனியைப் பாக்காதீங்க. ரட்டர்ல சின்னச் சின்ன உதை, உதைச்ச உடனே விட்டுடணும்.

இறங்கும்போது மூணு சக்கரமும் ஒண்ணா தொடணும்னு நினைக்க வேண்டாம், டிசி-3ல முன் சக்கரம் ரெண்டும் முதல்ல தொடட்டும், ஸ்டிக்கை லேசா முன்னாடி குடுத்து ஒட்ட வெச்சுக்கோங்க, வேகம் குறையக் குறைய வால் தானா இறங்கும், அதுக்கப்புறம் ஸ்டிக்கை முழுக்க பின்னாடி இழுத்துப் பிடிங்க. இதை மட்டும் ஒரு சாயந்தரம் பூரா பண்ணுங்க, முப்பது லேண்டிங், லேசான குறுக்குக் காத்து வெச்சு. அலுப்பா இருக்கும், ஆனா இந்த ரூட்ல பதினஞ்சு இருபது தடவை இறங்கி ஏறணும், ஒண்ணு தப்பினாலும் போச்சு.

நாலாவது படி: எஞ்சின்

இங்கதான் ரேஸ் ஜெயிக்கறதும் தோக்கறதும். நிதானமா படிங்க.

1934ல ஜிம் மாலிசனும் அவர் மனைவி ஏமி ஜான்சனும் கறுப்பு காமெட்ல கராச்சி வரைக்கும் முன்னணியில இருந்தாங்க. அப்புறம் அலகாபாத் போற வழியில ராத்திரி திசை தப்பி ஜபல்பூர்ல இறங்கினாங்க, அங்க விமான பெட்ரோல் இல்ல, கிடைச்ச சாதாரண பெட்ரோலைப் போட்டுக்கிட்டு கிளம்பினாங்க, அது அந்த எஞ்சினுக்கு ஒத்துக்கல, அலகாபாத் வர்றதுக்குள்ள எஞ்சின் கெட்டு அவங்க ரேஸ் அங்கேயே முடிஞ்சது. ஜெயிச்ச ஸ்காட் கூட டைமோர் கடல் மேல ஒரு எஞ்சின்ல ஆயில் பிரஷர் காட்டாமப் போக, அதோட பவரைக் குறைச்சு வெச்சுக்கிட்டுதான் டார்வின் வந்தார். முழு த்ராட்டில் குடுத்து ஜெயிச்ச ரேஸ் இல்ல இது.

டிசி-3ல எஞ்சினுக்கு மூணு நெம்புகோல். த்ராட்டில் மேனிஃபோல்ட் பிரஷரை (எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம், அங்குலத்துல சொல்வாங்க) மாத்தும், ப்ரொப்பெல்லர் நெம்புகோல் ஆர்பிஎம்மை (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) மாத்தும், மிக்ஸ்சர் பெட்ரோல் காத்து கலவையை மாத்தும். பவர் கூட்டும்போது வரிசை: முதல்ல மிக்ஸ்சர் ரிச் (பெட்ரோல் கூட), அப்புறம் ஆர்பிஎம், கடைசியா த்ராட்டில். குறைக்கும்போது அப்படியே தலைகீழ், முதல்ல த்ராட்டில், அப்புறம் ஆர்பிஎம். இதை மாத்திச் செஞ்சீங்கன்னா கம்மி ஆர்பிஎம்ல அதிக பிரஷர் போய் எஞ்சின் உள்ளயே அடி வாங்கும். கிளம்பும்போது 2700 ஆர்பிஎம், 48 அங்குலம் வரைக்கும் போகலாம், ஆனா அது ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்குத்தான், சக்கரம் உள்ள போனதும் 2550, 41 அங்குலத்துக்கு கீழ கொண்டு வந்துடுங்க. சமமா பறக்க ஆரம்பிச்சதும் நான் வெக்கறது 2050 ஆர்பிஎம், 28 இல்லன்னா 29 அங்குலம், மிக்ஸ்சர் ஆட்டோ லீன் (பெட்ரோல் கம்மியான கலவை). உங்க மாடலோட கையேட்டுல வேற எண் போட்டிருந்தா அதையே பிடிச்சுக்கோங்க, மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

கிளம்பறதுக்கு முன்னாடி எஞ்சின் சூடாகணும். ஆயில் டெம்பரேச்சர் 40 டிகிரி செல்சியஸ் தாண்டாம ரன்-அப் (கிளம்பறதுக்கு முன்னாடி எஞ்சினை வேகமா ஓட்டிச் சோதிக்கறது) பண்ணாதீங்க. நேரமாகுதேன்னு பதட்டமா இருக்கும், மத்தவங்க எல்லாம் கிளம்பிட்டாங்களேன்னு தோணும், தோணட்டும். மேல ஏறும்போது கௌல் ஃப்ளாப் திறந்து வெச்சு சிலிண்டர் ஹெட் டெம்பரேச்சரைப் பாத்துக்கிட்டே இருங்க, பாக்தாத் பக்கம் வெயில்ல கொஞ்சம் அசந்தா முள்ளு சரசரன்னு ஏறும், அப்ப ஏறுற கோணத்தைக் குறைச்சு வேகத்தைக் கூட்டினா காத்து உள்ள போய் ஆறும். நான் 200 டிகிரிக்குக் கீழ வெச்சுக்கப் பாப்பேன். இறங்கும்போது இதுக்கு நேர் எதிர், த்ராட்டிலை மொத்தமா மூடிட்டு சறுக்கிட்டு வந்தா சூடா இருந்த எஞ்சின் திடீர்னு குளிர்ந்து போகும், அதுவும் தப்பு, 15 அங்குலத்துக்கு கீழ போகாம, நிமிஷத்துக்கு 500 அடி கணக்குல தூரத்துல இருந்தே இறங்க ஆரம்பிங்க.

அடுத்தது கார்ப் ஐஸ், புதுசா வர்றவங்களுக்கு இது தெரியவே தெரியாது. வெளிய பனி இருக்கணும்னு அவசியமே இல்ல, 15 டிகிரி இருக்கற ஈரமான மேகத்துக்குள்ள போனாலே கார்பரேட்டருக்குள்ள ஐஸ் கட்டும், ஏன்னா அங்க பெட்ரோல் ஆவியாகும்போது காத்து ரொம்ப குளிர்ந்துடும். டிசி-3ல ஆர்பிஎம் அப்படியே நிக்கும், மேனிஃபோல்ட் பிரஷர் மட்டும் நீங்க தொடாமலே மெதுவா இறங்கும். பஸ் மாத் மாதிரி பிட்ச் மாத்த முடியாத ப்ரொப்பெல்லர் உள்ளதுல ஆர்பிஎம் இறங்கும். அது கண்ணுல பட்ட உடனே கார்ப் ஹீட் போடுங்க, முதல்ல எஞ்சின் இன்னும் மோசமா இருமும், பயந்து அணைச்சிடாதீங்க, ஐஸ் உருகி உள்ள போற சத்தம் அது, ஒரு நிமிஷத்துல சரியாகும். ரங்கூன் தாண்டி மழை மேகத்துக்குள்ள போகும்போது இது எனக்கு நடந்துச்சு, முள்ளு இறங்கறதைப் பாத்துட்டு காத்து மாறிடுச்சுபோலன்னு த்ராட்டிலைக் கூட்டிக்கிட்டே போனேன், கடைசியில ரெண்டு எஞ்சினும் ஒண்ணா நின்னு கடல்ல இறங்க வேண்டியதாப் போச்சு. முதல் தடவை முடிக்காததுக்கு காமெட் ஒரு காரணம்னு சொன்னேன், அதை விட்டுட்டு பாதியில மாத்தி எடுத்த டிசி-3 போனது இப்படித்தான்.

அஞ்சாவது படி: உங்களுக்குன்னு ஒரு எண் அட்டை

கையேட்டுல போட்டிருக்கறது கம்பெனி எண். உங்க மாடல், உங்க பவர் செட்டிங், உங்க எடை, இதுக்கு எவ்வளவு பெட்ரோல் குடிக்குதுன்னு நீங்களே அளந்து பாக்கணும். 8,000 அடிக்கு ஏறுங்க, வேகம் நிலைக்க அஞ்சு நிமிஷம் விடுங்க, பெட்ரோல் மீட்டரை எழுதிக்கோங்க, அரை மணி நேரம் எதையும் தொடாம பறந்துட்டு மறுபடி எழுதுங்க, வித்தியாசத்தை ரெண்டால பெருக்கினா ஒரு மணி நேரக் கணக்கு. ஏறுறதுக்கு எவ்வளவு ஆச்சுன்னு தனியா எழுதுங்க. 6,000 அடியில ஒண்ணு, 10,000 அடியில ஒண்ணு, பாதி எடையில ஒண்ணு, முழு எடையில ஒண்ணுன்னு செஞ்சு ஒரு அட்டையில எழுதி மானிட்டர் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கோங்க.

இது எதுக்குன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். ஏதென்ஸ்ல இருந்து அலெப்போ சுமார் 650 நாட்டிகல் மைல் (ஒண்ணு 1.85 கிலோமீட்டர்). 150 நாட் (மணிக்கு 150 நாட்டிகல் மைல்) வேகம்னா 4 மணி 20 நிமிஷம். என் டிசி-3 மணிக்கு 95 கேலன் குடிக்குது, அப்ப 412 கேலன். ஏறுறதுக்கு கூடுதலா 30. முக்கால் மணி நேர கையிருப்பு 71. கூட்டினா 513, நான் 520 போடுவேன். டேங்க்ல மொத்தம் சுமார் 800 கேலன் பிடிக்கும், நிறைய பேர் பயத்துல ரொப்பிடறாங்க, மிச்ச 280 கேலன்னா கிட்டத்தட்ட 760 கிலோ, சும்மா தூக்கிட்டு போறீங்க, ஏறுறதும் மெதுவாகும், எஞ்சினும் சூடாகும். எதிர்க்காத்து 20 நாட் இருந்தா அதே தூரம் 5 மணி நேரமாகும், 63 கேலன் கூட வேணும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி காத்தைப் பாத்துட்டு கணக்கை திரும்பப் போடுங்க. டார்வினுக்கு முன்னாடி கூபாங்ல இருந்து 450 நாட்டிகல் மைல் வெறும் கடல், நடுவுல இறங்க ஒரு இடம் கிடையாது, அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தாராளமா போடுங்க.

ஆறாவது படி: வழி கண்டுபிடிக்கறது

ஜிபிஎஸ் இல்லாம எப்படின்னு பயப்படாதீங்க, எனக்கு இந்த ஹாபியில ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான். திசை, வேகம், நேரம், இந்த மூணு போதும். மேப்ல கோடு போடுங்க, ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும் எங்க இருக்கணும்னு குறி வைங்க, கீழ ஆறோ கடற்கரையோ ரயில் பாதையோ வந்தா குறியோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒரு சின்ன சூத்திரம் மனப்பாடம் பண்ணிக்கோங்க: 60 மைல் பறந்தா ஒரு டிகிரி தப்பு ஒரு மைல் விலக்கும். 60 மைல்ல 4 மைல் இடது பக்கம் போயிருந்தீங்கன்னா காத்து உங்களை 4 டிகிரி தள்ளுது, அவ்வளவுதான் கணக்கு. டைரக்‌ஷனல் ஜைரோ (திசை காட்டற சுழல் கருவி) கொஞ்சம் கொஞ்சமா நகரும், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரா சமமா பறக்கும்போது காம்பஸைப் பாத்து சரி பண்ணிடுங்க, திரும்பிக்கிட்டு இருக்கும்போது பண்ணாதீங்க, அப்ப காம்பஸ் பொய் சொல்லும்.

மாலிசன் தம்பதி தொலைஞ்ச அந்தப் பகுதியையே உதாரணமா எடுத்துக்கலாம். ஜோத்பூர்ல இருந்து அலகாபாத் சுமார் 470 நாட்டிகல் மைல், கிட்டத்தட்ட நேர் கிழக்கு, கொஞ்சம் தெற்கே சாய்வு. நேரா கோடு போட்டுப் பறந்தா என்ன பிரச்சனைன்னா, மூணு மணி நேரம் கழிச்சு ஊர் தெரியலன்னா இடது பக்கம் தேடணுமா வலது பக்கம் தேடணுமான்னு தெரியாது. ஜபல்பூர் அலகாபாத்ல இருந்து சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே தள்ளி இருக்கு, அந்த அளவுக்கு விலகிப் போக முடியும். அதனால வேணும்னே ஒரு அஞ்சு டிகிரி இடது பக்கம், அதாவது வடக்கே சாய்ச்சுப் பறங்க. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள கல்பி பக்கத்துல யமுனை குறுக்கே வரும், தாண்டுங்க. இப்ப உங்க வலது கையில யமுனை, இடது கையில கங்கை, ரெண்டுக்கும் நடுவுல இருக்கீங்க, இனிமே நீங்க தொலையவே முடியாது, ஏன்னா ரெண்டு ஆறும் சேர்ற இடம்தான் அலகாபாத். யமுனையை வலது பக்கம் வெச்சுக்கிட்டே போனா சங்கமத்துக்கு கொஞ்சம் முன்னாடி, ஊருக்கு மேற்கே ஏர்போர்ட் தெரியும். சிமுலேட்டர்ல தேடும்போது பிரயாக்ராஜ்னு தேடுங்க. ஆறு, கடற்கரை, மலை வரிசைன்னு நீளமா ஏதாவது பக்கத்துல இருந்தா எல்லாக் கட்டத்துக்கும் இந்த முறையையே வெச்சுக்கலாம், குறியை நேரா பாக்காம ஒரு பக்கம் சாய்ச்சுப் போய் கோட்டைப் பிடிச்சு, அப்புறம் கோட்டோட நடக்கறது.

சிங்கப்பூர்ல 1934ல பெரிய ஏர்போர்ட்டெல்லாம் கிடையாது, கல்லாங் கூட 1937லதான் திறந்தாங்க, அதனால செலட்டார்ல இறங்கினா காலத்துக்குப் பொருத்தமா இருக்கும், ரன்வே நீளமும் டிசி-3க்கு தாராளம்.

ஏழாவது படி: ஒத்திகை

நேரா மில்டன்ஹால்ல போய் நிக்காதீங்க. நம்ம பக்கத்துலயே ஒரு சரித்திர ரூட் இருக்கு. 1932 அக்டோபர் 15ல ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து பஸ் மாத்ல தபால் மூட்டையோட கிளம்பி அகமதாபாத் வழியா பம்பாய் வந்தார், பம்பாய்ல இருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியா மெட்ராஸ் கொண்டு வந்தார். அந்த ரெண்டாவது பாதியை ஓட்டிப் பாருங்க: ஜூஹூல இருந்து பெல்லாரி சுமார் 330 நாட்டிகல் மைல், அங்கிருந்து சென்னை 235. மேற்குத் தொடர்ச்சி மலையில மேகம் எப்படி குவியுதுன்னு தெரியும், கார்ப் ஹீட் பழகும், பெல்லாரிக்கு மேற்கே துங்கபத்ரா அணையோட தண்ணி பெரிசா விரிஞ்சு கிடக்கும், வழி சரியான்னு அதை வெச்சு சரிபாக்கலாம் (அணை அப்போ கிடையாது, அது நமக்குக் கிடைச்ச சலுகை). மீனம்பாக்கத்துல சாயந்தரம் கடல் காத்து குறுக்கே அடிக்கும்போது வால் சக்கர விமானத்தை இறக்கிட்டீங்கன்னா ரேஸுக்கு தயார்னு வெச்சுக்கலாம். ரெண்டு கட்டத்துக்கும் எதிர்பார்த்த நேரம், ஆன நேரம், எதிர்பார்த்த பெட்ரோல், ஆன பெட்ரோல் நாலையும் எழுதுங்க. அஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா எண் அட்டையைத் திருத்திட்டு மறுபடி ஓட்டுங்க.

எட்டாவது படி: ரேஸ் நாட்கள்

எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஓட்ட முடியாது, அதனால பெரும்பாலான ரேஸ்ல கட்டம் கட்டமா ஓட்டி நேரத்தைக் கூட்டிக்குவாங்க. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் எஞ்சின் ஓடும்போதே ஃப்ளைட்டை சேவ் பண்ணுங்க, ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் எடுங்க. சிமுலேட்டர் பாதியில நின்னுபோச்சுன்னா என்ன பண்ணணும்னு விதியில இருக்கும், அதுப்படி நேர்மையா சொல்லிடுங்க. யாரும் பாக்காத அறையில தனியா உக்காந்து ஓட்டற ரேஸ் இது, ஒருத்தர் எழுதிக் குடுக்கற நேரத்தை மத்தவங்க நம்பறதாலதான் இது நடக்குது.

தூக்கத்தை கெடுத்துக்காதீங்க. அலுப்புல இருக்கும்போது பண்ற தப்பு எல்லாமே சின்னத் தப்பு, ஆல்டிமீட்டரை செட் பண்ண மறக்கறது, டேங்க் மாத்த மறக்கறது. முடிஞ்ச வரைக்கும் பகல்ல போய் இறங்கற மாதிரி கிளம்பற நேரத்தை வைங்க, முதல் ரேஸ்ல ராத்திரி லேண்டிங் ஒண்ணு ரெண்டு போதும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மாத்து ஏர்போர்ட் ஒண்ணு கட்டாயம் எழுதி வைங்க. ஊய்ஃபர் கதையே இதுக்குத்தான். மெல்போர்னுக்கு முந்தின கடைசி கட்டத்துல ராத்திரி இடி மழையில மாட்டி வழி தெரியாம ஆல்பரிங்கற ஊருக்கு மேல சுத்திக்கிட்டு இருந்தாங்க. ஊர்க்காரங்க தெருவிளக்கை எல்லாம் அணைச்சு அணைச்சுப் போட்டு மோர்ஸ்ல ஊர் பேரை சொன்னாங்க, ரேடியோவுல அறிவிப்பு குடுத்து கார் வெச்சிருக்கறவங்க எல்லாரையும் குதிரைப் பந்தய மைதானத்துக்கு வரச் சொல்லி ஹெட்லைட்டைப் போட வெச்சாங்க, அந்த வெளிச்சத்துல டிசி-2 பத்திரமா இறங்குச்சு. சேத்துல சக்கரம் புதைஞ்சு போச்சு, மறுநாள் காலையில ஊரே கயிறு கட்டி இழுத்துச்சு, எடையைக் குறைக்க பயணிகளை அங்கேயே இறக்கி விட்டுட்டு கிளம்பிப் போய் ரெண்டாவது இடம். எனக்கு இதை எழுதும்போது கூட சிலிர்க்குது. நமக்கு அப்படி விளக்கு போட ஊர் இல்ல, அதனால வானிலை கெட்டா எந்த இடத்துல திரும்பணும், எந்த ஏர்போர்ட்டுக்கு போகணும், அதுக்கு எவ்வளவு பெட்ரோல் மிச்சம் இருக்கணும்னு கிளம்பும்போதே முடிவு பண்ணிடுங்க. என் ரெண்டாவது ரேஸ்ல நான் ஆல்பரியில வேணும்னே இறங்கி ஒரு நிமிஷம் எஞ்சினை ஐடில்ல விட்டு நின்னுட்டுத்தான் போனேன், அதுல பத்து நிமிஷம் போச்சு, போகட்டும்னு விட்டுட்டேன்.

முடிவுக் கோடு மெல்போர்ன்ல ஃப்ளெமிங்டன் குதிரைப் பந்தய மைதானம், மாரிபிர்னாங் ஆறு வளையற இடத்துல இருக்கு, மேல இருந்து பாத்தா நீளவட்டம் தெளிவா தெரியும். வடக்கே இருந்து வரும்போது 30 மைலுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிச்சு, ஆயிரம் அடியில மைதானத்தைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச்சை நிறுத்துங்க. 1934ல தாண்டின பிறகு லாவர்ட்டன் விமானப்படை மைதானத்துல போய் இறங்கினாங்க, இப்ப அது இல்ல, நேர் வடக்கே ஏழு கிலோமீட்டர்ல எசென்டன் இருக்கு, அங்க இறங்குங்க. நின்னதும் எஞ்சினை உடனே அணைக்காம ரெண்டு நிமிஷம் ஐடில்ல ஆற விடுங்க, அப்புறம் மிக்ஸ்சரை கட் பண்ணிட்டு, பெட்ரோல் மீட்டர்ல மிச்சம் எத்தனை கேலன்னு பாத்து அட்டையில கடைசி வரியா எழுதிக்கோங்க.